மூன்றாவது பெயர்

அநியாயம் நடந்தது சகாய ஜெனித்தாவுக்கு. டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மழையில் நனைந்த கோட்டை மடிக்குள் சுருட்டிக்கொண்டு, இறங்கினதும் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கத் தொடங்கிய மங்கையர்க்கரசி இதைத்தான் முதல் வரியாக வைத்தாள். கல்லூரியில் பட்டிமன்றம் பேசிய நாளிலிருந்து அவளுக்கு இது பழக்கம். யாருக்கு, யார், என்ன செய்தார், மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடு, அப்புறம் நடுவர் மணியடித்தாலும் கவலையில்லை. யாருக்கு: நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து, இந்தக் காஸல் நகரத்துக்கு ஒன்றேகால் மணி நேர ரயில் தூரத்தில், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக நர்ஸ் வேலை பார்க்கிற ஜெனித்தாக்காவுக்கு. யார்: வாட்சப்பில் 'காஸல் தமிழ்த் திரை' என்று குழு வைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் ஹால் பிடித்துத் தமிழ்ப் படம் போடுகிற குணாளண்ணன். என்ன செய்தார்: போன மாதம் தமிழ் என்று அறிவித்துவிட்டு அதே படத்தின் இந்தி டப்பிங்கைப் போட்டார். சொல்லியாயிற்று. கோர்வையாகத்தான் வந்தது. ஆனால் நான்காவதாக ஒன்று இருந்தது, அதை எந்த நடுவர் முன்னாலும் எடுத்து வைக்க முடியாது. குணாளண்ணன் வீட்டில்தான் அவள் வாடகைக்கு இருந்தாள். மூன்று அறை ஃப்ளாட் ஒன்றை எடுத்துப் படிக்க வந்த பெண்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். விடுதியைக் காலி செய்யச் சொன்னதால் இரண்டு பெட்டியோடு நின்றவளிடம், "வா அம்மிணி, ரோட்டுலயா படுப்ப" என்று சாவியைக் கையில் வைத்தவர் அவர். இவள் இந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறாள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய தாள் ஒன்று உண்டு. அந்தத் தாள் இருந்தால்தான் விலாசம் பதிவாகும், விலாசம் பதிவானால்தான் விசா நீளும். நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவளுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசா முடிகிறது. தாள் இன்னும் கைக்கு வரவில்லை.

கேட்ட போதெல்லாம் போடறேன் அம்மிணி, போடறேன் என்றவர், குழுவில் அவள் விளக்கம் கேட்டு எழுதிய நாளிலிருந்து போனையே எடுக்கவில்லை. நேற்று மத்தியானம்தான் பதில் வந்தது. ஞாயித்துக்கெழம தியேட்டருக்கு வா அம்மிணி. எல்லாரும் இருப்பாங்க. அங்கயே பேசிக்கலாம். பேப்பரும் கொண்டாரேன். நாலே வாக்கியம், ஒரு கடுஞ்சொல் கிடையாது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், அதில் அவளுக்குப் பயமே இல்லை. எம்.ஏ. படிக்கும்போது துறைத் தலைவரிடமே, "சார், நீங்க சொல்றது வாதம் இல்ல, அதட்டல்" என்று சொன்னவள். இப்படித் தணிந்து வருகிற வாக்கியத்தை எந்த இடத்தில் பிடிப்பது? எல்லாரும் இருப்பாங்க. எதற்கு எல்லோரும் இருக்க வேண்டும்? ஒரு தாளை வாங்குவதற்கு ஒரு கை போதும், கொடுப்பதற்கு ஒரு கை. எல்லோரையும் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வைப்பாரோ. இல்லை, சும்மா இயல்பாகத்தான் எழுதினாரோ, எல்லோரும் இருப்பார்கள் என்றால் பயப்படாதே என்றுதான் அர்த்தமோ. நேற்று ராத்திரி இதை அம்மாவிடம் சொல்லலாமென்று வீடியோவில் கூப்பிட்டாள். அருப்புக்கோட்டையில் நெட்வொர்க் இழுத்தது. அம்மாவின் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் "சாப்பிட்டியாடீ" என்ற குரல் வந்தது, மறுபடி உதடு அசைந்தது, குரல் வரவில்லை, உதடு நின்றது, அப்போது வேறெங்கிருந்தோ வருவது போல "ஏன் மூஞ்சி வாடியிருக்கு?" என்றது. யாரோ அம்மாவின் முகத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று டப்பிங் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது பாருங்கள், அப்படியே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "ஒண்ணுமில்லம்மா, குளிரு" என்று கவிழ்த்த போனுக்குச் சொன்னாள்.

குரல் கழன்று விடுகிற பயம் அவளுக்கு இந்த ஊரில் வந்ததுதான். வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, ஆங்கிலப் படம்தானே, கண்ணை மூடிக்கொண்டு புரியுமே என்று நம்பிப் போய் உட்கார்ந்தாள். திரையில் அந்த நடிகன் வாயைத் திறந்தான், தண்ணீர் போல ஜெர்மன் வந்தது. சரி, இந்த நாட்டு வழக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடுத்த வாரம் வேறொரு படம், வேறொரு நடிகன், முகம் வேறு, வயசு வேறு, குரல் மட்டும் போன வாரத்துக் குரல். மயிர்க்கூச்செறிந்து விட்டது. அதே ஆவி இந்த உடம்புக்குள்ளும் வந்து பேசுகிற மாதிரி. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், நாங்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம், அந்த நடிகரின் சொந்தக் குரலைக் கேட்டால்தான் எங்களுக்குப் பொய்யாகத் தெரியும் என்றாள். மங்கை முக்கால் மணி நேரம் வாதாடினாள். ஜெயிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே தெரிந்துகொண்டாள், தியேட்டர்காரர்கள் போடுகிற பட்டியலில் காட்சி நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு மூன்று எழுத்து இருக்கும், இருந்தால் படம் அதன் மூலமொழியில் ஓடும், இல்லாவிட்டால் ஜெர்மன். வியாழக்கிழமைதோறும் புதுப் பட்டியல் வரும். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரன் தேடுகிறவர்கள் போல அவள் விரலை வைத்து அந்தப் பொடி எழுத்தைத் தேடுவாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி என்று, வேலைவெட்டி உள்ளவன் எவனும் வராத நேரமாகப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். பாரசீகப் படத்துக்குப் போனாள். கொரியப் படத்துக்குப் போனாள். ஒரு வார்த்தை தெரியாது, கீழே ஓடுகிற ஜெர்மன் எழுத்து பாதிக்கு மேல் பிடிபடாது, இருந்தாலும் அழுகிறவளுடைய அழுகை அவளுடைய தொண்டையிலிருந்தே வந்தது. அது போதும் என்றிருந்தது. அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் குணாளண்ணனின் குழு கண்ணில் பட்டது. தமிழ். மூலமொழி. ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி. நடுத்தெருவில் நின்று போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

டிராம் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. தூரத்தில் மலை உச்சியில் தடியை ஊன்றி நிற்கிற ஹெர்குலஸ் சிலை மேகத்துக்குள் இடுப்பு வரை மறைந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொன்னது. உடம்பில்லாத குரல், எல்லா டிராமிலும் அதே குரல். எதிர் இருக்கையில் நாயோடு உட்கார்ந்திருந்த ஆள் அவளையே பார்த்தார். உதடு அசைந்துவிட்டதா? மனசுக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசிவிட்டாளா? விசா முடியப்போகிறது என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்குமா என்ன. பையில் மாணவர் அட்டை இருக்கிறதா என்று நாலாவது தரமாகத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. இன்னும் ஐந்து நிறுத்தம். போன மாதம் இதே டிராமில் பக்கத்தில் ஜெனித்தாக்கா இருந்தாள். ரயில் நிலையத்தில் குழுவின் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் மக்களே, மக்களே என்று தோளில் கை போட்டுவிட்டாள். "மூணு நைட் டூட்டி மாத்திக் குடுத்து இந்த லீவ வாங்கியிருக்கேன், பாத்துக்க. எட்டு மாசமா எனக்க காதுல தமிழ் விழல்ல. போன்ல விழுகது கணக்கில்ல." பட்டுச்சேலை இல்லை, ஆனால் நல்ல சுடிதார் போட்டு, நெற்றியில் சின்னதாய்ப் பொட்டு கூட வைத்திருந்தாள், ஊரில் வைக்க மாட்டேன், இங்க ஆசையா இருந்தது என்றாள். தியேட்டரில் விளக்கு அணைந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான். இந்தி. ஏதோ டில்லியில் நடக்கிற காட்சி என்று நினைத்தார்கள். அவன் அம்மா வாயைத் திறந்தாள். இந்தி. "இப்பம் பேசுவான்" என்று ஜெனித்தாக்கா மங்கையின் காதில் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து, "பாட்டு தமிழ்ல வரும், கேட்டியா" என்றாள். பாட்டும் வந்தது, இந்தியில். முன் வரிசைகளில் இந்தி தெரிந்த மாணவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்கள், அவர்கள் மேல் என்ன குற்றம், அவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். ஜெனித்தாக்கா கீழே ஓடுகிற ஜெர்மன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி, ரத்தம், மூச்சு, இந்த மாதிரி ஆஸ்பத்திரிச் சொற்கள் வந்தால் மட்டும் அவள் தலை லேசாக ஆடியது. கடைசி வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து, கழிவறையில் முகம் கழுவிவிட்டு, பொட்டில்லாமல் வந்தாள்.

மங்கை அன்றைக்கே டிக்கெட் கவுண்டருக்குப் போய்க் கேட்டாள். அங்கே இருந்த நரைத்தலை அம்மாள் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, தமிழ்ப் பிரதி, இந்திப் பிரதி இரண்டும் இருக்கிறது என்றுதான் நாங்கள் உங்கள் குழுக்காரருக்கு எழுதினோம், இந்தியே போதும் என்று பதில் வந்தது என்றாள். போதுமா? யாருக்குப் போதும்? அந்தக் கொதிப்போடு நின்ற நிலையில் குழுவில் தட்டினாள்: தமிழ் எனக் கூறி இந்தியைத் திரையிட்டது ஏமாற்று. இதற்குக் குணாளன் அவர்கள் பொது விளக்கம் தர வேண்டும். இப்படிக்கு, மங்கையர்க்கரசி. அனுப்பிய அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. தாள். விசா. அழித்துவிடலாமா என்று விரல் போனது. அழித்தால் அழித்திருக்கிறாள் என்று காட்டும். அரை மணியில் குழுவில் அட்மின் மட்டுமே பேசலாம் என்று குணாளண்ணன் மாற்றிவிட்டார். இன்றைய படத்துக்குக்கூட ஆளாளுக்குத் தனியாகத்தான் அழைப்பு அனுப்பினார். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழுவில் அவளுடைய செய்திதான் கடைசிச் செய்தியாக, பதிலில்லாமல், ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது போல. இப்போது டிராமில் அதை மறுபடி திறந்தாள். சான்று வேண்டும், தமிழ் என்று அவர் எழுதிய அறிவிப்பைக் கையோடு காட்ட வேண்டும், சான்று இல்லாத பேச்சு சபையில் எடுபடாது. மேலே தள்ளிக்கொண்டே போனாள். அறிவிப்பு கிடைத்தது. அதன் கீழே குணாளண்ணன் எழுதியிருந்தார்: வர்றவங்க பட்டியல காப்பி பண்ணி உங்க பேர சேத்துப் போடுங்க. நாப்பது பேர் சேந்தாத்தான் ஹால் தருவாங்க. அதன் கீழே ஒவ்வொருவராகப் பழைய பட்டியலை எடுத்துத் தன் பெயரைக் கடைசியில் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்று. ஒன்று, இரண்டு. மூன்றாவது: சகாய ஜெனித்தா, ஒருவர். அப்படியே வளர்ந்து பதினாலில் நின்றிருந்தது. அதன்பின் மூன்று நாள் அவர் மட்டும் எழுதியிருந்தார். மக்களே, பதினாலுதான் ஆச்சு. மக்களே, நாளைக்குக் கடைசி. ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல் சின்னம், நூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல். யாருடையவை என்று சும்மாதான் தொட்டுப் பார்த்தாள். ஏழாவதாக அவளுடைய முகம் இருந்தது.

டிராம் நின்றது, யாரோ ஏறினார்கள், குளிர்காற்று முழங்காலில் வந்து மோதியது. ஞாபகம் வந்துவிட்டது. பேருந்துக்குக் காத்திருந்தபோது பார்த்தாள், ஆஹா என்று கட்டைவிரலைத் தட்டினாள், போய் கவுண்டரில் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று போனைப் பைக்குள் போட்டாள். தமிழன் எவன் ஒரு வாரம் முன்னாலேயே பெயர் எழுதி வைத்துவிட்டுப் படத்துக்குப் போனான்? அருப்புக்கோட்டையில் தியேட்டரில் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்த பிறகுதான் அப்பா கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புவார், எத்தனை படம் பார்த்திருக்கிறார்கள் அப்படி. அது ஒரு வாதமா? அது வாதமே இல்லை, அவளுக்கே தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். நாற்பதுக்கு இருபத்தாறு குறைந்தது, அந்த இருபத்தாறில் அவள் ஒருத்தி. அப்படியானால் யார், என்ன செய்தார் என்ற வரிசையில் அவள் பெயரும் வர வேண்டுமே. இது அவருக்குத் தெரியுமா? தெரியும். கண்டிப்பாகத் தெரியும். அதற்குத்தான் அந்த 'எல்லாரும் இருப்பாங்க'. போனை எடுத்துக் காட்டுவார், பாருங்க எல்லாரும், பாருங்க, கேள்வி கேக்கற அம்மிணியோட லட்சணத்த. இப்படியே இறங்கி எதிர்ப்பக்க டிராமைப் பிடித்துவிடலாமா? போனால் தாள்? தாளில்லாமல் செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்தில் எண் அழைக்கிற திரைக்கு முன்னால் எதை நீட்டுவாள்? அடுத்த நேரம் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை அவள் யார்? ஊருக்குப் போ என்றால் பாதிப் படிப்போடு போய் அப்பாவின் சீட் கவர் கடையில் என்னவென்று சொல்லி உட்காருவாள்? மன்னிப்புக் கேட்டுவிடு. தப்புத்தாண்ணே. இரண்டே சொல். தாளை வாங்கு. அப்புறம் சண்டை போடு. அப்புறம் எப்போது போட்டிருக்கிறார்கள், ஒருவராவது?

காலையில் வந்த ஜெனித்தாக்காவின் குரல் பதிவு ஒன்று கேட்கப்படாமல் இருந்தது. பயத்தில்தான் கேட்காமல் வைத்திருந்தாள், நீ அவரிடம் நேரில் கேட்டாயா என்றால் என்ன சொல்வது. இப்போது போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். பின்னால் ஏதோ மெஷின் பிப் பிப் என்று அடித்துக்கொண்டிருந்தது. "மக்களே, நான் இன்னைக்கு வரல்ல. இனி வரதும் சந்தேகம். லீவு கேக்க மொகம் இல்ல, பாத்துக்க. போன தடவ, எனக்க மொழியில படம், போயே ஆகணும்னு ஹெட் சிஸ்டர்ட்ட கெஞ்சினேன்லா. அவிய மறுநாளு கேட்டாவ, ஒனக்க மொழிப் படம் எப்பிடி இருந்துன்னு. நல்லா இருந்துன்னு சொல்லிட்டேன். கதையும் கேட்டாவ. ஒரு கதையைச் சொன்னேன்." இங்கே அவள் சிரித்தாள், அல்லது மூக்கை உறிஞ்சினாள், அந்தப் பிப் சத்தத்தில் தெரியவில்லை. "நீ சண்டைக்குப் போகாத, கேட்டியா. ஒனக்க பேப்பரு வேற அந்தாளு கையில இருக்கு. விட்டுரு." பதிவு முடிந்து போன் தானாக இருண்டது. ஒரு கதையைச் சொன்னேன். எந்தக் கதையைச் சொல்லியிருப்பாள்? வாய் வேறு, குரல் வேறாக ஓடிய மூன்று மணி நேரத்துக்கு வார்டில் நின்று அவளாகவே ஒரு கதை கட்டியிருக்கிறாள். உடம்பில்லாத குரல் அவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது. மங்கை எழுந்தாள்.

தியேட்டர் கூடத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். சோளப்பொரி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து அடித்தது. சூரியா என்றும் சுந்தரி என்றும் யாரோ குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கும் தமிழ், காதுக்குள் குளிர்ந்து இறங்க வேண்டிய தமிழ். குணாளண்ணன் கவுண்டர் பக்கத்தில், காதுவரை இழுத்த குரங்குக் குல்லாயோடு, கையில் ஒரு காக்கிக் கவரோடு நின்றிருந்தார்.

"வந்துட்டாங்கப்பா புகார் டிபார்ட்மென்ட்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கெட்ட சிரிப்பென்று சொல்ல முடியாது. "இந்தா, கையெழுத்துப் போட்டாச்சு. பேப்பர வெச்சு மெரட்டற ஆளு நானில்ல சாமி." ஆனால் கவரை நீட்டவில்லை. அதன் ஓரத்தால் தன் உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, தமிழ்ப் பிரதி இருந்துச்சுன்னு கவுண்டர்ல சொன்னாங்க."

"இருந்துச்சு."

"அப்ப ஏன்..."

"நாப்பது பேர் வேணும் அம்மிணி. நம்மாளுங்க பதினாலு. இந்தின்னா இருவத்தாறு பசங்க வரோம்னாங்க. பதினாலும் இருவத்தாறும் எவ்வளவு, நீயே சொல்லு, படிச்சவ. கேன்சல் பண்ணிப்போட்டு ஊட்டுல குந்தியிருக்கோணுமா? ஒருதடவ விட்டா ஹாலே தரமாட்டான். இன்னிக்கு இந்தத் தமிழ்ப் படம் ஓடுதுன்னா அன்னிக்கு அது ஓடுனதாலதான்."

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பதினாலும் வராது." அவர் குரல் இப்போது சிரிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் பொரி தின்பதை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போகலாம் என்று ஒரு பையன் கதவைத் திறந்து வைத்தான், யாரும் நகரவில்லை. "எல்லாக் கேள்வியும் நீ கேட்டாச்சு. ஊருக்கே எழுதிப்போட்ட, ஏமாத்துன்னு. எம்பட பொண்டாட்டிகூட படிச்சா. இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், எல்லாரும் இருக்காங்க, நெஞ்சத் தொட்டுச் சொல்லிப்போடு. நீ பேர் குடுத்தியா, அம்மிணி?"

கவர் உள்ளங்கையில் தட்டுவது நின்றது. தப்புத்தாண்ணே என்றால் போதும், அந்தக் கை நீளும், எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள், விளக்கு அணையும், செவ்வாய்க்கிழமை எட்டு நாற்பதுக்கு அவள் எண் திரையில் வரும். அந்தக் கவரின் ஒரு மூலை மழையில் நனைந்து கருத்திருப்பதைப் பார்த்தாள். பிப் பிப் என்று எங்கோ அடித்தது, அவளுடைய நெஞ்சுதான். வாயைத் திறந்தாள். எந்தக் குரல் வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

"குடுக்கலண்ணே. கட்டைவிரலத் தூக்கிட்டுப் பேசாம இருந்துட்டேன், அது என் தப்பு. ஆனா உங்க பட்டியல்ல மூணாவது பேரு சகாய ஜெனித்தா. அவங்க குடுத்தாங்க."